ஒரு சாண் கடல்

நெடுந்தீவு மேற்கு
12.02.2024

அண்ணைக்கு,

உங்களுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்ததென்று பங்குத்தந்தை போன ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார். குரல் இனித் திரும்பாது என்றும் சொன்னார். எல்லோரும் முழங்காலில் நின்று உங்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். கூடப்பிறந்தவள் அதைக் கோயிலில் வைத்து ஊரோடு சேர்ந்து கேட்க வேண்டியிருந்தது. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக உங்கள் அழைப்புகளை எடுக்காமல் விட்டவள் நான்தான்.

நீங்கள் இப்போது கைபேசி வைத்திருப்பதில்லையாம். பண்டாரவளைக் குருமார் இல்லத்தில் உங்களைக் கவனிக்கிற கன்னியாஸ்திரிகளிடம் போனில் சொல்லிவிடக்கூடிய விஷயங்களும் என்னிடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தம்பி ஜெகதீஸ் கடலுக்குப் போய்த் திரும்பாத நாற்பத்தோராம் நாள், உடல் இல்லாமலே இரங்கல் பூசை வைத்துச் சேமக்காலைக் கல்லறைகளுக்கு நடுவில் அவன் பெயரோடு ஒரு சிலுவையும் நட்டீர்கள். பூசை நடுவில் நான் அவன் பெண்சாதி நிலக்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனேன். வாசலில் வைத்து உங்களுக்குச் சொன்ன சொல்லை நான் இன்னும் திரும்ப எடுக்கவில்லை. அவள் இன்னும் தன் புருசன் இந்தியக் கரையில் ஏதோ ஒரு சிறையில் இருக்கிறான் என்றுதான் நம்புகிறாள். படகு கச்சதீவுப் பக்கம் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டவர்கள் சொன்ன பிறகும்.

எழுதுவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. மேற்குக் கரையில் இருக்கிற சின்ன இராயப்பர் கோயிலின் பீடச் சுவரில் படம் கீறித் தரச் சொல்லிப் பங்குத்தந்தை கேட்டிருக்கிறார். ஆனி இருபத்தொன்பது திருவிழாவுக்கு முடிய வேண்டும். வேதத்தில், ஆண்டவர் கூப்பிட இராயப்பர் தண்ணீரில் நடக்கப் போய், காற்றைக் கண்டு பயந்து தாழுகிற இடம். நான் சம்மதித்தேன். இந்த ஒரு வருடமாகப் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கரையில் போய் இருந்து கடலைத்தான் கொப்பியில் கீறிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பூச்சாடியும் பழக்கூடையும் படிப்பிக்கிறேன். என் கைக்கு வேறு எதுவும் வருவதில்லை.

உங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். ஆண்டவர் கை நீட்டுகிற நேரத்தில் இராயப்பர் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்திருப்பார்? அதற்குள் முழங்கால் வரை தாழ்ந்திருப்பாரா, நெஞ்சு வரையா, வாய் வரையா? நீங்கள் படித்தவர். பதில் எழுதுங்கள்.

யூலியானா


பண்டாரவளை
28.02.2024

அன்புள்ள யூலியானா,

உன் கையெழுத்தைக் கண்டதும் உறையை உடனே பிரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். வாயும் மூக்கும் இப்போது முகத்துக்கு அழகாக மட்டும் இருக்கின்றன. காலையில் அறையில் தனியாகப் பூசை வைக்கிறேன். உதடு அசையும், சத்தம் வராது. முதல் வாரம் அது பூசைதானா என்று சந்தேகமாக இருந்தது. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: நேரம் இவ்வளவென்று எங்கும் எழுதப்படவில்லை. தாமதமில்லாமல் கை கொடுத்தார் என்றுதான் இருபது வருடமாக நான் பிரசங்கம் வைத்திருக்கிறேன். முழங்கால்வரை தாழ்ந்ததாகக் கீறினால் போதும். இரண்டு கைகளும் பிடித்தபடி இருக்கட்டும். கடற்கரைச் சனம் கோயிலுக்கு வருவது பயத்தைப் பார்க்க அல்ல. அதை அவர்கள் வாரத்தில் ஆறு நாளும் பார்க்கிறார்கள்.

நீ அந்தக் கரையில் இருந்து கீறுகிறாய் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பாக்கியமான இடம். மரம் இல்லை, நிழல் இல்லை, மறைந்து நிற்க ஒரு சுவர் இல்லை. முருகைக்கல்லும் காற்றும் தண்ணீரும் மட்டும். மனிதன் அங்கே தன் அளவுக்குச் சிறுத்துப் போகிறான். பதினான்கு வயதில் அந்தக் கல்லில் நின்றபோதுதான் குருவானவனாகப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் எழுதிய தியானப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும் அந்தக் கல்லில் இருந்து வந்தவை. இங்கே சுற்றிவர மலை. பனி இறங்கினால் முற்றம் தெரியாது. கண்ணை மூடினால் மேற்குக் கரை தெரிகிறது.

நிலக்சனா எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அண்ணன்
பிலிப்பு


நெடுந்தீவு மேற்கு
21.03.2024

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தில் பாதி, புத்தகத்துக்கு எழுதியது போல இருக்கிறது. போன கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒரு சோடி அதே கல்லில் நின்று படம் எடுத்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, இப்படியொரு அழகான இடத்தில் இருக்க நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றாள். நான் ஓம் என்றேன்.

சுவர் வேலையைச் சொல்கிறேன். கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய சுவர். உவர் குடித்துப் போய் இருந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவிக் காய வைக்கவே பத்து நாள் போய்விட்டது. பிறகு கடலைத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அலை உடைவதற்கு முன்னால் அதன் வயிற்றுக்குள் ஒரு பச்சை வரும். கண்ணிமைக்கிற நேரம்தான். அந்தப் பச்சையைப் பிடிக்க இரண்டு கிழமை. அது சரியாக வந்த அன்று நான் சாரப் பலகையில் இருந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. கை சரியாகப் போனதற்கு. அன்று முழுக்க எனக்கு ஜெகதீசின் நினைவு வரவில்லை. அதை உங்களுக்குத்தான் சொல்கிறேன், பாவசங்கீர்த்தனம் மாதிரி.

ஆண்டவரின் உருவம் லேசாக வந்துவிட்டது. இராயப்பரை நெஞ்சு வரை தண்ணீரில் வைத்தேன், முழங்கால் வரை இல்லை. முழங்கால் வரை தாழ்ந்தவன் கத்த மாட்டான். முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தாடி, நெற்றி, வழக்கமாகப் படங்களில் இருப்பதுபோலத்தான் தொடங்கினேன். நாலாம் நாள் பின்னால் போய் நின்று பார்க்கிறேன், ஜெகதீஸ் நிற்கிறான். இடது புருவத்தில் அந்த வெட்டுத் தழும்பைக்கூட என் கை போட்டிருக்கிறது. அழிப்பமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் நிலக்சனா தேத்தண்ணீரோடு வந்தாள்.

போத்தலைக் கீழே வைத்தாள். கிட்டப் போனாள்.

"மச்சாள், இது அவர்தானே?"

நான் தூரிகையைத் துணியில் துடைத்தேன்.

"ஏன் கை எட்டேல்ல?"

அப்போதுதான் கவனித்தேன். ஆண்டவரின் விரலுக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டிருந்தேன். கரிக்கோட்டில் அளவு பிசகி வந்தது. திருத்த நினைத்திருந்தேன். இப்போது திருத்த முடியவில்லை. அவள் தினமும் பின்னேரம் வந்து கீழே முழங்காலில் இருக்கிறாள். செபம் சொல்லுவதில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போகும்போது ஒவ்வொரு நாளும் ஒன்றைத்தான் கேட்கிறாள், கையைப் பிடிக்க வையுங்கோ மச்சாள் என்று.

நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். தூரிகையை அந்த இடத்துக்குக் கொண்டு போகிறேன். என் கை போக மாட்டேன் என்கிறது. பிடித்ததாகக் கீறினால் அவள் இன்னும் பத்து வருடம் அவன் வருவான் என்று ஜன்னலில் நிற்பாள். பிடிக்காமல் விட்டால், அவன் செத்ததை நான்தான் அவளுக்குச் சொன்னவள் ஆகிறேன். எந்தப் பக்கமும் எனக்கு வழி இல்லை.

இன்னொன்று. அலுமாரியில் அவனுடைய உடுப்புக்குக் கீழே உங்கள் தியானப் புத்தகம் இருந்தது. கார்பன் பென்சிலால் கோடு போட்டு வாசித்திருக்கிறான். அலை உடையும் இடத்தில்தான் இறைவன் மனிதனோடு பேசுகிறார் என்று நீங்கள் எழுதிய வரிக்குப் பக்கத்தில், "அண்ணை அலைக்கு அங்கால வந்து பாத்ததில்லை" என்று எழுதி வைத்திருக்கிறான். பகிடியாக எழுதினானோ, மனம் நொந்து எழுதினானோ, தெரியாது.

நிலக்சனா சொல்கிறாள், காணாமல் போவதற்கு முந்தின ஐப்பசியில் அவன் உங்களைப் பார்க்க யாழ்ப்பாணம் வந்து போனவனாம். திரும்பி வந்து இரண்டு நாள் பேசவில்லையாம். என்ன கேட்டான்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

யூலியானா


பண்டாரவளை
09.04.2024

யூலியானா,

உன் கடைசிக் கேள்விக்குப் பதிலை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதைக் கிழிக்காமல் தபாலில் சேர்க்கும்படி பக்கத்து அறைச் சாமியாரிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

ஜெகதீஸ் வந்தது ஐப்பசி பதினேழாம் திகதி, திங்கட்கிழமை. ஒரு சாக்கில் கருவாடு கொண்டு வந்தான். குருநகரில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிற ஒருவர் எனக்குப் பழக்கம் என்று அவனுக்குத் தெரியும். அங்கே ஏதாவது வேலை கேட்டுத் தரச் சொன்னான். கலியாணம் முடித்து இரண்டு வருடம், நிலக்சனா கடலுக்குப் போக வேண்டாமென்று அழுகிறாள், தனக்கும் இப்போது பயம் வந்துவிட்டது என்றான். அந்தச் சொல்லை அவன் வாயில் நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. "அண்ணை, எனக்கு இப்ப கடலைக் கண்டால் பயமாக் கிடக்கு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நான் அப்போது ஒரு தியானத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில் தாள் கிடந்தது. அவனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். எங்கள் தகப்பன் கடலில் கற்றது, நாங்கள் அவரிடம் கற்றது என்று தொடங்குகிற தியானம். வாசித்து முடித்துவிட்டு, பயம் என்பது இறைவன் கிட்ட வருகிற அடையாளம் என்று சொன்னேன். நீ கரையேறிவிட்டால் எங்கள் வீட்டில் கடலை அறிந்தவன் எவனும் இருக்க மாட்டான் என்றும் சொன்னேன். அவன் தாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி அண்ணை, நல்லா எழுதியிருக்கிறியள்" என்றான். எழும்பிப் போய்விட்டான். போகும்போது, ஆளைக் கண்டால் கேட்டுப் பாருங்கோ என்று வாசலில் நின்று ஒரு தரம் சொன்னான்.

நான் கேட்கவில்லை. மறக்கவில்லை, யூலியானா. மறந்திருந்தால் அது வேறு. தெரிந்துகொண்டே விட்டேன். என் தம்பி கடலில் நிற்கிறான் என்பது என் எழுத்துக்கு வேண்டியிருந்தது. நான் பார்த்த கடல் கரையில் இருந்து பார்த்த கடல். மீதி எல்லாம் அவன் சொல்லக் கேட்டு எடுத்தது. ஏழு கிழமை கழித்து எஞ்சின் நின்றுபோய் வாடைக் காற்று அவனைக் கொண்டு போனது.

இரங்கல் பூசையை அவசரமாக வைத்தேன் என்று நீ வாசலில் நின்று சொன்னாய். "உங்கட தம்பியை நீங்கள் சேமக்காலையில தாட்டுப்போட்டியள், எங்கட ஆளை நாங்கள் இன்னும் தேடுறம்" என்றாய். உண்மைதான். நிலக்சனா அவனைத் தேடித் தேடி ஒவ்வொரு நாளும் கரையில் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தேடும் வரைக்கும் என்னையும் யாரோ தேடிக்கொண்டிருப்பது போல இருந்தது. அதற்கொரு சிலுவையை நட்டு முடித்துவிடப் பார்த்தேன்.

இதை அவளுக்குச் சொல்வதா விடுவதா என்பதை உன்னிடம் விடுகிறேன். அதுவும் கோழைத்தனம் என்று தெரிந்துதான் விடுகிறேன்.

படத்தைப் பற்றி இனி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கைகளைப் பிடிக்க வை என்று எழுதியவன் நான் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிலிப்பு


நெடுந்தீவு மேற்கு
04.05.2024

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் அதை என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த நாலு நாளும் நிலக்சனாவின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட ஏலவில்லை. ஐந்தாம் நாள் அவளிடமே கொடுத்தேன்.

குசினி வாசலில் நின்றபடியே வாசித்தாள். மடித்துத் தந்தாள். துருவலையில் போய் இருந்து பாதியில் விட்ட தேங்காயைத் துருவினாள். ஏதாவது சொல்லுவாள் என்று நான் நின்றேன். தேங்காய் முடிந்து சிரட்டை தெரிகிற வரைக்கும் துருவினாள்.

பிறகு சொன்னாள். "அண்ணை வேலை தேடிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறு எண்டுதான் இவர் எனக்குச் சொன்னவர்."

ஒவ்வொரு கிழமையும் அவள் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு கிழமையும் உங்களுக்காக அவன் ஒரு சாட்டுக் கண்டுபிடித்திருக்கிறான். அண்ணைக்குக் காய்ச்சல். அண்ணைக்குத் திருவிழா வேலை. ஐஸ்காரர் கொழும்புக்குப் போயிட்டாராம், வந்த உடனே அண்ணை கேட்பார். கடைசியாகக் கடலுக்குப் போன அன்று காலையிலும், நத்தாருக்குள்ளே வேலை சரிவரும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். உங்களை அவளுக்கு முன்னால் சிறுமைப்படுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. ஜன்னலிலும் நிற்பதில்லை. வீட்டு வேலைகளைச் செய்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். கடிதத்தைக் கொடுத்தது பிழையா என்று கேட்கவும் எனக்கு யாரும் இல்லை.

இதற்கிடையில் கோயில் சபைக்காரர் வந்து பார்த்தார்கள். கடல் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. படகுகள் வைத்திருக்கிற சம்மாட்டி மனுவேல் அந்தப் பச்சையைக் கண்டுவிட்டு, இது இந்த இடத்துத் தண்ணிதான் என்று தொட்டுப் பார்த்தார். ஆனால் முகம் யாருடையது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முந்தின வருடம் செத்த பொடியனை எப்படிப் பீடத்தில் வைப்பது என்று ஒருவர் கேட்டார். தொழிலுக்குப் போகிறவன் காலையில் கும்பிட்டுவிட்டுப் போகிற இடத்தில் எட்டாத கையை வைத்தால் எப்படித் துணிந்து போவான் என்று இன்னொருவர் கேட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டதும் நியாயம். பங்குத்தந்தை தன்மையாகத்தான் சொன்னார், திருவிழாவுக்கு முன்னால் கையைச் சேர்த்து முகத்தையும் மாற்றிவிடுங்கள் ரீச்சர், இல்லையென்றால் வெள்ளை அடிக்க வேண்டி வரும் என்று.

உங்களுடைய சொல்லுக்கு அவர் மதிப்புக் கொடுப்பார். இருக்கிறபடி விடச் சொல்லி அவருக்கு எழுதுங்கள். உங்களிடம் நான் கேட்கிற உதவி இது ஒன்றுதான். உங்களோடு கோபம் போய்விட்டதா என்று என்னைக் கேட்க வேண்டாம். அந்தக் கடிதத்தை வாசித்த பிறகு எனக்குக் கோபத்தைவிடப் பெரிதாக ஏதோ வந்திருக்கிறது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

யூலியானா


பண்டாரவளை
20.05.2024

யூலியானா,

பங்குத்தந்தைக்கு எழுதினேன். இரண்டு பக்கம். பதில் வந்துவிட்டது. என் சுகத்துக்காகச் செபிப்பதாகவும், சபையின் விருப்பத்தை மீறுவது கடினம் என்றும் மரியாதையாக எழுதியிருக்கிறார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். அதே வசனங்களில்.

வேறு வழி தெரியாமல், நேரில் வரலாமென்று நினைத்தேன். நிலக்சனாவின் முன்னால் வந்து நிற்க வேண்டும். பேச ஏலாவிட்டாலும் நிற்கலாமே. இங்கே என்னைக் கவனிக்கிற தாதி, சிஸ்டர் ஜெயந்தாவிடம் பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் வைத்தியரிடம் கேட்டு வந்து சொன்னார். குறிகாட்டுவான் துறையில் இருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் படகில் வருவதை அவர்கள் யோசிக்கவும் விடமாட்டார்கள். என் கழுத்துத் துளைக்குள் ஒரு கை தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். ஒரு அலைச் சிதறல் போதுமாம். நான் உலர்ந்த படகுப் பலகையில் நின்றுகொண்டே மூழ்கித் தாண்டுபோவேன்.

கரையைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவன் இனி அந்தக் கரைக்குக் கிட்டவும் போக முடியாது. தண்டனை என்று சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்லவும் துணிவில்லை. தண்டனை கொடுப்பதற்காவது இறைவன் என்னைக் கவனித்திருக்கிறார் என்று ஆகிவிடும்.

இன்னொரு செய்தி. கழுத்தின் இடது பக்கத்தில் திரும்பவும் ஒரு கட்டி. ஆடி பத்தாம் திகதி கொழும்பில் மறுபடி வெட்டுகிறார்கள். இந்த முறை எப்படி முடியும் என்று வைத்தியர் சொல்லவில்லை, நானும் எழுதிக் கேட்கவில்லை.

படத்தை நீ என்ன செய்தாலும் சரி. வெள்ளை அடிக்கட்டும் என்று விட்டாலும் சரி. ஆனால் நிலக்சனா ஏதாவது சொன்னால், எதுவென்றாலும், எனக்கு எழுது. பத்தாம் திகதிக்கு முன்னர் கிடைத்தால் நல்லது.

பிலிப்பு


நெடுந்தீவு மேற்கு
02.07.2024

அண்ணைக்கு,

திருவிழா முடிந்தது. படம் சுவரில் இருக்கிறது. வெள்ளை அடிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனி பதினெட்டாம் திகதி பின்னேரம் நான் பலகையில் ஏறி இருந்தேன். பதினொரு நாள்தான் மிச்சம். தூரிகை காய்ந்து போய்க் கையில் இருந்தது. நிலக்சனா உள்ளே வந்தாள், ஏழு கிழமைக்குப் பிறகு. முழங்காலில் இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவ்வளவு கிட்ட நின்று அவன் முகத்தை அவள் பார்த்தது அன்றுதான்.

"மச்சாள், இவரை இதில வச்சிருக்காதேங்கோ."

முகத்தை மாற்றட்டா என்று கேட்டேன்.

"முகத்தை மாத்தினாலும் எனக்கு அவர்தான். முழுசா எடுங்கோ." அந்தத் தழும்பைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒவ்வொரு ஞாயிறும் ஆக்கள் பாத்துக்கொண்டிருக்க அவர் தாண்டுகொண்டே நிக்கவேணுமோ? ஒருக்காத் தாண்டது போதும்."

அவன் தாண்டுபோனான் என்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதை அவளும் கேட்டாள்.

நான் ஒரு வருடம் கடலைப் படித்தேன், அண்ணை. ஐந்து கொப்பி நிறைத்தேன். சபைக்காரரோடு வாதாடினேன். கை எட்டாமல் இருப்பதுதான் உண்மை, உண்மையைக் கீறுவதுதான் அவனுக்கு நான் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. உங்களுக்கு அவன் கடலில் நிற்க வேண்டியிருந்தது. எனக்கு அவன் தாழ்ந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

அந்தப் பச்சையை மறுபடி கலந்தேன். முன்னர் இரண்டு கிழமை எடுத்த நிறம் ஒரே தடவையில் வந்தது. அவள் வாளியைப் பிடித்தாள். நெஞ்சில் இருந்து தொடங்கினேன். தோள், கழுத்து, நீட்டிய கை. அலையை மேலே மேலே ஏற்றினேன். முகத்துக்கு வந்தபோது நான் தூரிகையின் நுனியை மட்டும் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியாக அந்தப் புருவம் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து மணிக்குச் சுவரில் கடல் மட்டும்தான் இருந்தது. ஆண்டவர் வெறும் தண்ணீருக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

சபைக்காரருக்கு நல்ல சந்தோசம். கடலை ஆசீர்வதிக்கிற ஆண்டவர் என்று தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள். திருவிழாப் பிரசங்கமும் அதைப் பற்றித்தான். பூசை முடிந்து தொழிலாளிகள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கைக்குக் கீழே தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வர்ணம் இன்னும் சரியாக இறுகவில்லை. நான் தடுக்கவில்லை. இப்பத்தான் பாக்க ஆறுதலாக் கிடக்கு ரீச்சர் என்று மனுவேல் சொன்னார். அவர் தொட்ட இடத்துக்குக் கீழேதான் அவன் நெற்றி இருக்கிறது.

நேற்று நிலக்சனா பிரதேச செயலகத்துக்குப் போய் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தாள். படகு ஓடத் தொடங்கியதும் இறுப்பிட்டிக்கு, தாய் வீட்டுக்குப் போகப் போகிறாள். உடுப்பு அடுக்கிவிட்டாள். உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டேன். நான் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்று யோசித்தாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கோவம் இல்லையெண்டு எழுதுங்கோ. மன்னிச்சிட்டன் எண்டு எழுதாதேங்கோ. அது இன்னும் ஏலாது."

ஏலாது என்று நிறுத்தவில்லை, இன்னும் ஏலாது என்றாள். இதைக் கவனித்து வாசியுங்கள்.

என்னைக் கேட்டால், நான் எழுத நினைத்தது நிறைய. இப்போது ஒன்றும் வரவில்லை. நல்லபடியாக வெட்டிச் சுகமாக வாருங்கள். இறுப்பிட்டிக்குப் பாலத்தால் பஸ் இருக்கிறது. அங்கே வர நீங்கள் படகில் தண்ணீரைக் கடக்கத் தேவையில்லை.

சோளகக் காற்றுப் பலமாக அடிக்கிறது. மூன்று நாளாகப் படகு இல்லை. உப தபாலகத்தில் பை கட்டியபடி கிடக்கிறது. இதுவும் அதற்குள்தான் போகும். வேறு எப்படி அனுப்புவதென்று தெரியவில்லை.

யூலியானா


பண்டாரவளை
08.07.2024

அன்புள்ள யூலியானா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. வடக்குக் கடலில் காற்றுப் பலம், தீவுப் படகுகள் நிறுத்தம் என்று காலை வானொலியில் கேட்டேன். ஆகவே நீ எழுதவில்லை என்று நான் நினைக்கவில்லை. எழுதியிருப்பாய்.

நாளை காலை வாகனத்தில் கொழும்புக்குக் கொண்டு போகிறார்கள். அறையைக் கூட்டித் தந்துவிட்டேன். எழுதி வைத்திருந்த தாள்களைக் கட்டி அடுப்புக்குக் கொடுத்தேன், புதிய தியானங்கள் பதினொன்று. ஒன்றையும் திரும்ப வாசிக்கவில்லை.

நிலக்சனா என்ன சொன்னாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஏசியிருந்தால் ஏசியபடியே எழுது. ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் எழுது. வேறொன்றும் இப்போது உன்னிடம் கேட்க இல்லை.

இந்த விலாசத்துக்கே அனுப்பு. கடிதம் வந்தால் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதாக சிஸ்டர் ஜெயந்தா சொல்லியிருக்கிறார். அந்த நேரம் எனக்கு நினைவு இல்லாமல் இருந்தால் காதுக்குக் கிட்ட வாசித்துக் காட்டும்படி பலகையில் எழுதிக் கேட்டேன். அவர் தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிரிக்காமல் என் கைக்குள் வைத்துவிடுகிறேன் சுவாமி என்றார்.

பிலிப்பு